பழைய அணிக்கு எதிரே

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)

 

இம்மேடையிலே சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இருக்கின்றனர். பாதிரிமார் நடத்திய பள்ளியிலே படித்து, பல்கலைக்கழகப் படிப்பையும் இன்னும் முடிக்காத எனக்குச் செயலாளர் அவர்கள் கொடுத்த பொருள் உதைபந்தாட்டம். விளையாட்டுத்தானே என்று யாரும் இளப்பமாக எண்ணிவிட வேண்டாம். 1897ஆம் ஆண்டிலே கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்திலும் பேசி, பின்பு சென்னைக்குச் சென்ற சுவாமி விவேகானந்தர், அங்கே இளைஞர்களுக்கு உதைபந்தாட்டத்தையே முதலிற் சிபாரிசு செய்தார். கீதை வேண்டாம் என்பது அவர் கருத்தன்று. உடம்பிலே உரமும் நெஞ்சிலே துணிவும் உள்ளவனுக்கே கீதையின் பொருள் விளங்கும் என்பதுதான் அவர் கருத்து.

நான் இன்று எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. நேற்றுவரை ஓர் அணியை நடத்திய ஒருவர், இன்று அதே அணிக்கு எதிரே நிற்க நேர்ந்தால், அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இக்கேள்வி எங்கோ பெரிய நகரங்களிலே சம்பளத்துக்கு விளையாடுவோருக்கு மட்டும் உரியது என்று எண்ணலாகாது. நம் கிழக்கிலங்கையிலே ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால், பெரும்பாலும் மனைவியின் ஊருக்கே போய்விடுகிறான். இது நம் முன்னோர் காலத்து வழக்கம். சல்லியிலே பிறந்து, இக்கடற்கரை மணலிலே பந்து பழகிய பிள்ளை, தாலி கட்டிய மறுமாதமே வேறோர் ஊரின் மருமகனாகிவிடுகிறான். அவ்வூர்ப் பிள்ளைகள் மாலையிலே அவனைப் பந்துக்குக் கூப்பிடுவார்கள். அவன் போகத்தான் வேண்டும். அடுத்த பருவத்திலே நம் அணியும் அவ்வணியும் ஒரே மைதானத்திலே சந்திக்கும். ஆகவே மற்ற எவரையும்விட நமக்கே இக்கேள்வி அதிகம் சொந்தமானது.

வீரன் ஒருவன் போனால் ஓர் இடந்தான் வெறுமையாகும். இணைப்பாளர் போனால் அப்படியன்று. இணைப்பாளர் யார்? வீரர்களின் பெயரைப் பதிகிறவர் அவர். மைதானத்துக்கு அநுமதி கேட்கிறவரும், கோட்டுக்குச் சுண்ணாம்பும் கம்பத்துக்கு வலையும் தேடுகிறவரும் அவர். லொறி பிடிப்பது, இடைவேளைக்குத் தோடம்பழம் வாங்குவது, காயம்பட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவன் தாயிடம் பதில் சொல்வது, எல்லாம் அவர் தலையிலேயே. எவனுக்கு இடக்கால் வலு, எவனுக்கு முழங்காலிலே நோவு, எவன் வீட்டிலே அடுப்பெரியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் எதிரே போய் நிற்கும்போது நமக்கு மனம் கலங்குவது இயல்பே.

இம்மன்றத்திலும் இன்று அக்கலக்கம் இருக்கிறது. அதை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. நம் அணிக்கு ஆண்டுக்கணக்கிலே இணைப்பாளராயிருந்த அண்ணர் ஒருவர், கலியாணத்தின் பின் மனைவியின் ஊர் அணிக்கு இப்பொழுது இணைப்பாளராக இருக்கிறார். வரும் பருவத்திலே அவர் நமக்கு எதிரே நிற்பார். அவரை இந்த ஆண்டு விழாவுக்கு அழைக்கலாகாது என்று சிலர் சொன்னார்கள். சுவரிலே மாட்டியிருக்கும் அணியின் படத்தையும் கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நானும் அவரிடம் பந்து பழகியவன். அவருக்காக வாதாட வந்தேன் என்று நினையாமல், நியாயம் எது என்பதை மட்டும் யோசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு உதாரணம் தேடிப் போனால் முதலிலே நம் கண்முன் வருவது கல்கத்தா மாநகரம். அங்கே இரண்டு பெரிய கழகங்கள் உண்டு. ஒன்று 1889இலே தோன்றிய மோகன் பாகன். அது 1911ஆம் ஆண்டிலே வெள்ளைக்காரப் படையினரின் அணியான கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2க்கு 1 என்று வென்று கேடயம் பெற்ற கழகம். பெரும்பாலும் வெறுங்காலோடு விளையாடியவர்கள் சப்பாத்துக் கால்களை வென்ற அந்த நாளை இந்தியா முழுவதும் கொண்டாடியது. மற்றது 1920இலே தோன்றிய ஈஸ்ட் பெங்கால். கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த வீரர் ஒருவரை ஜோராபாகன் என்னும் கழகம் ஆட்டத்திலே சேர்க்காமல் விட்டது. அது பொறாமல் அக்கழகத்தின் உபதலைவராயிருந்த சுரேஷ் சந்திர சவுத்ரி விலகிச் சென்று, நண்பர்களோடு இப்புதிய கழகத்தைத் தொடங்கினார். எனவே ஈஸ்ட் பெங்கால் என்னும் பெருங்கழகமே, ஒருவர் தம் பழைய அணியை விட்டு விலகியதனாற் பிறந்ததுதான்.

1947இலே நாடு பிரிந்தபோது கிழக்கிலிருந்து வீடும் நிலமும் இழந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அக்கழகம் ஊரைப் போல ஆகிவிட்டது. அதனால் இவ்விரு கழகங்களின் ஆட்டம் வெறும் ஆட்டமாக இருப்பதில்லை. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அவர்கள் இலிசு மீன் வாங்கிச் சமைப்பார்கள். மோகன் பாகன் வென்றால் இவர்கள் இறால் வாங்கிச் சமைப்பார்கள். கடற்றொழில் செய்யும் நம்மவருக்கு இது நன்றாக விளங்கும். ஆட்டத்தின் முடிவைச் சந்தையிலே மீன் விலையைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்பார்கள்!

இத்தகைய பகைமைக்கு நடுவிலே நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் பி. கே. பானர்ஜி. 1936இலே பிறந்தவர். வீரராயிருந்த காலத்திலே இவ்விரு கழகங்களிலும் சேராமல் கிழக்கு ரயில்வே அணிக்கு விளையாடினார். 1958இலே அவ்வணி கல்கத்தா லீக்கை வென்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கிலே இந்திய அணியின் தலைவராக இருந்து, பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவ்வணியிலே தமிழ்நாட்டுச் சைமன் சுந்தரராஜும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. 1962இலே ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவின் இறுதி ஆட்டத்திலே தென்கொரியாவை 2க்கு 1 என்று இந்தியா வென்றபோது, அவ்விரு கோல்களில் ஒன்று அவருடையது.

விளையாட்டை விட்டபின் பானர்ஜி பயிற்றுவிப்பாளரானார். 1972இலே ஈஸ்ட் பெங்காலின் பொறுப்பை ஏற்றார். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அக்கழகமே கல்கத்தா லீக்கை வென்றது. 1975 செப்டெம்பர் 30ஆம் தேதி கேடயத்தின் இறுதி ஆட்டத்திலே மோகன் பாகனை 5க்கு 0 என்று தோற்கடித்தது. மோகன் பாகன் அபிமானிகளுக்கு அது ஆறாத புண். அந்தப் புண்ணைத் தந்த பானர்ஜியை மறு ஆண்டே மோகன் பாகன் அழைத்தது. அவரும் போனார்.

1976ஆம் ஆண்டு லீக்கிலே அவர் தம் பழைய அணிக்கு எதிரே வந்து அமர்ந்தார். ஆட்டம் தொடங்கி 17ஆவது விநாடியிலேயே மோகன் பாகனின் முகமது அக்பர் கோல் அடித்தார். அந்த ஒரே கோலால் மோகன் பாகன் வென்றது. லீக்கும் அவ்வாண்டு அவர்களுடையதாயிற்று. நான்காண்டு அவர் சேர்ந்து கட்டிய கோட்டையை அவரே வந்து திறந்தார். 1977இலே மோகன் பாகன் கேடயம், டுராண்ட், ரோவர்ஸ் ஆகிய மூன்று கிண்ணங்களையும் ஒரே பருவத்திலே பெற்றது. அதே ஆண்டிலே உலகப் புகழ் பெற்ற பெலே விளையாடிய கொஸ்மொஸ் அணியோடு 2க்கு 2 என்று சமநிலை கண்டது.

பின்பு நடந்ததைக் கேளுங்கள். பானர்ஜி மீண்டும் ஈஸ்ட் பெங்காலுக்கே வந்தார். கதவு அடைக்கப்படவில்லை! 1997 ஜூலை 13ஆம் தேதி கல்கத்தா சால்ட் லேக் அரங்கிலே சம்மேளனக் கிண்ணத்தின் அரையிறுதி ஆட்டம் நடந்தது. பார்த்தவர்கள் 1,31,000க்கு மேல். ஈஸ்ட் பெங்கால் பக்கத்திலே பானர்ஜி. மோகன் பாகன் பக்கத்திலே அமல் தத்தா. இந்த அமல் தத்தா யார்? முன்னாளிலே ஈஸ்ட் பெங்காலுக்கு விளையாடியவர். அதே கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தவர். ஆக, அன்றைய தினம் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் தம் பழைய அணிக்கு எதிரே இருந்தவர்களே. ஆட்டத்துக்கு முன் தத்தா எதிரணியின் இளம் வீரர்களைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார். பானர்ஜி தம் பிள்ளைகளிடம் அந்தக் கேலியையே எடுத்துச் சொல்லி அவர்களுக்கு ரோசம் ஊட்டினார் என்பர். முடிவு 4க்கு 1. கேலிக்கு ஆளான பாய்ச்சுங் பூட்டியா என்னும் சிக்கிம் இளைஞர் மூன்று கோல் அடித்தார். எதிரே இருப்பவனை இகழ்ந்து பேசுவது நமக்குப் பலம் தராது, அவனுக்கே தரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பகையை வளரவிட்டால் என்னவாகும் என்பதையும் அதே நகரம் காட்டியது. 1980 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஈடன் தோட்டத்து அரங்கிலே இவ்விரு கழகங்களும் ஆடியபோது பார்வையாளரிடையே கலகம் மூண்டு, நெரிசலிலே 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்நாளை இன்றும் கல்கத்தாவிலே இரத்ததானம் செய்து நினைவுகூருகிறார்கள். அவர்கள் அவ்வளவு விலை கொடுத்துப் படித்த பாடத்தை நாம் விலையின்றிப் படிக்கலாம் அல்லவா?

மேனாட்டிலிருந்தும் இரண்டு செய்தி சொல்கிறேன். டெனிஸ் லோ என்னும் ஸ்கொட்லாந்து வீரர் 1962 முதல் 1973 வரை மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்துக்கு 237 கோல்கள் அடித்தவர். பின்பு அதே நகரத்து மற்றக் கழகமான மான்செஸ்டர் சிற்றிக்குப் போனார். 1974 ஏப்ரில் 27ஆம் தேதி பழைய அணிக்கு எதிராக ஆடுகையில், குதிகாலாலே பந்தைத் தட்டினார், அது கோலாயிற்று. அவர் துள்ளவில்லை, கையுயர்த்தவில்லை. தலைகுனிந்து நடந்து மைதானத்தை விட்டு வெளியேறினார். யுனைட்டெட் அவ்வாண்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மற்ற ஆட்டங்களின் முடிவினால் அந்தக் கோல் இல்லாவிட்டாலும் அது இறங்கியே இருக்கும். ஆயினும் அவர் மனம் நொந்தது நொந்ததுதான். பந்தை அடிக்காமல் விட்டாரா? இல்லை. அடித்தார், ஆனாற் கொண்டாடவில்லை. கடமையையும் நன்றியையும் ஒரே கணத்திலே அவர் காப்பாற்றினார். 2025இலே அவர் இறந்தபோது இரு கழகத்தாரும் அவருக்கு மரியாதை செய்தனர்.

மற்றவர் ஒல்லாந்து தேசத்து யோகன் கிரைஃப். 1980இலே அவர் அயாக்ஸ் கழகத்துக்கு ஆலோசகராயிருந்தபோது, அணி 1க்கு 3 என்று பின்தங்கியிருந்த ஓர் ஆட்டத்திலே, பார்வையாளர் இருக்கையை விட்டு இறங்கி வந்து பயிற்றுவிப்பாளரின் பக்கத்தில் அமர்ந்து யோசனை சொன்னார். அயாக்ஸ் 5க்கு 3 என்று வென்றது. அத்தகையவரை 1983இலே அக்கழகம் இனி வேண்டாம் என்று விட்டது. அவர் அவர்களின் பரம விரோதியான பெய்னூர்ட்டுக்குப் போனார். முதலிலே பழைய அணியிடம் 8க்கு 2 என்று தோல்வி! ஆயினும் பருவம் முடியும்போது லீக்கும் கிண்ணமும் பெய்னூர்ட்டுக்கே. பின்பு 1985இலே அயாக்ஸே அவரை மீண்டும் பொறுப்புக்கு அழைத்தது. வேண்டாம் என்று விட்டவரையே மீண்டும் வேண்டும் என்று கேட்க நேரும் என்பதை ஒவ்வொரு கழகமும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெரியோர்களே! நமக்கு இது புதிய பாடமா? பாரதத்தை எடுத்துப் பாருங்கள். துரோணர் யார்? பாண்டவருக்கு வில் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். குருட்சேத்திரத்திலே அவர் எந்தப் பக்கம் நின்றார்? எதிர்ப்பக்கம். போர் தொடங்குமுன் தருமர் கவசத்தைக் கழற்றி, ஆயுதத்தைக் கீழே வைத்து, தனியே எதிர்ப்படையை நோக்கி நடந்தார். தம்பிமார் திகைத்தார்கள். அவர் நேரே பீஷ்மரிடமும் துரோணரிடமும் கிருபரிடமும் மாமனாகிய சல்லியரிடமும் சென்று வணங்கி, ஆசி பெற்றுத் திரும்பினார். அதன் பிறகே போர் தொடங்கியது. போரிலே துரோணர் கையைத் தளர்த்தவில்லை, அருச்சுனனும் தளர்த்தவில்லை. வணக்கமும் போரும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? உயிர் போகும் போர்க்களத்திலேயே இது முடிந்ததானால், தொண்ணூறு நிமிட ஆட்டத்திலே நம்மால் முடியாதா?

இனி யார் யாருக்கு என்ன கடமை என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலிலே, விலகிப் போகிறவரின் கடமை. போகுமுன் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். பெயர்ப் பதிவுப் புத்தகம், பந்து, வலை, சட்டைகள், கையிலுள்ள பணம் அனைத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பருவத்தின் நடுவிலே வீரர்களைத் தம்மோடு இழுத்துக்கொண்டு போகலாகாது. புதிய அணிக்கு முழு மனத்தோடு உழைக்க வேண்டும். பழைய ஊர் என்று இரக்கப்பட்டுக் கையைத் தளர்த்துவது இரண்டு அணிக்கும் செய்யும் துரோகம்.

அவருக்குத் தெரிந்த இரகசியங்கள் என்னாவது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். நான் இப்படிப் பிரிக்கிறேன். மைதானத்திலே எல்லாரும் பார்க்கத்தக்கதாய் அவர் கண்டறிந்தது அவருடைய அறிவு. நம் முன்னணி வீரன் வலப்பக்கமே திரும்புவான் என்பதை அவர் மறக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. நாம்தான் இடப்பக்கமும் திரும்பப் பழக வேண்டும். ஆனால் ஒருவன் நம்பி அவரிடம் சொன்னது, அதாவது உடம்பின் நோய், வீட்டின் கஷ்டம், மனத்தின் பயம், அவருடையதன்று. அது அடைக்கலப் பொருள். அதை எடுத்து எதிரணிக்குக் கொடுப்பவர் எந்த அணியிலும் இருக்கத் தகாதவர். புதிய அணியும் அப்படிப்பட்டவரை நம்பலாகாது. இன்று நம்முடையதைச் சொன்னவர் நாளை அவர்களுடையதையும் சொல்வார்.

அடுத்து, அணியின் கடமை. ஒருவர் செய்த வேலை, அவர் போனதனால் செய்யாத வேலை ஆகிவிடாது. படத்தைக் கழற்றினால் சுவரிலே வெள்ளைத் தடந்தான் தெரியும். அன்று பெற்ற வெற்றி மறையாது. அவர் அணிப் பிள்ளைகளின் காலைக் குறிவைத்து உதைப்பதும், மத்தியஸ்தர் பாராத நேரத்திலே இடிப்பதும் வீரமாகா. அவர் கற்றுக் கொடுத்த ஆட்டத்தையே அவருக்கு எதிராகச் செம்மையாக ஆடிக் காட்டுவதுதான் அவருக்கு நாம் செலுத்தும் குருதட்சிணை.

மூன்றாவது, கோட்டுக்கு வெளியே நிற்கும் நம் கடமை. பெரியோர் மன்னிக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி நான் விட்டுவிட முடியாது. ஆட்டத்திலே துரோகி என்ற சொல் முதலிலே எழுவது வீரர்களிடமிருந்தன்று, வரம்பிலே நிற்பவர்களிடமிருந்து. அந்தச் சொல்லை அவர் மனைவி கேட்கிறார், மாமனார் கேட்கிறார், நாளை அவர் பிள்ளையும் கேட்கும். நம் வீட்டுப் பெண்ணைக் கட்டி இவ்வூருக்கு வந்து நம் அணிக்கு விளையாடும் மருமக்கள் இல்லையா? அவர்களை அவர்களுடைய பிறந்த ஊரார் அப்படி ஏசினால் நாம் பொறுப்போமா? வெளியிலிருந்து வருகிறவனை மாலையிட்டு வரவேற்று, இங்கிருந்து போகிறவனைத் தூற்றுவது எந்த நியாயத்தில் அடங்கும்?

கரைவலை இழுப்பதை நாம் சிறுவயது முதல் பார்த்து வருகிறோம். வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டத்தார் பிடித்து, கரையிலே வெகுதூரம் விலகி நின்று இழுப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் அந்நியனுக்கு இவர்கள் ஒருவருக்கொருவர் எதிராக இழுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் இரு பக்கமும் முழுப் பலத்தோடு இழுத்தாற்றான் மடி கரைக்கு வரும். ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் போய்விடும். இன்று இந்தக் கயிற்றிலே நின்றவன் நாளை அந்தக் கயிற்றிலே நின்றால், அவனை யாராவது ஏசுவார்களா? இரண்டு அணிகளின் ஆட்டமும் அத்தகையதே.

ஆகவே மன்றத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, பொறுப்பிலிருந்து விலகுகிறவர் எழுத்திலே பொறுப்பொப்புவிக்கவும், மன்றம் அவருக்கு எழுத்திலே நன்றி சொல்லவும் விதி செய்ய வேண்டும். இரண்டு, நம்மிடமிருந்து போனவர் நடத்தும் அணி நம்மோடு ஆட வரும்போது, ஆட்டத்துக்கு முன் நம் அணித்தலைவர் முதலிலே போய் அவருக்குக் கை கொடுக்க வேண்டும்; ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட வேண்டும். மூன்று, ஆண்டு மலரிலே இதுவரை இம்மன்றத்துக்கு உழைத்த அனைவரின் பெயரையும், இன்று எந்த ஊரில் இருந்தாலும், எந்த அணியில் இருந்தாலும், ஒருவரும் விடுபடாமல் அச்சிட வேண்டும்.

இளைஞர்களே! வரும் பருவத்திலே நாம் வெல்ல வேண்டும். அதிலே எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. நன்றாகப் பழகுங்கள், அதிகாலையிலே ஓடுங்கள், இடக்காலையும் பழக்குங்கள். நம்மை நன்கறிந்த ஒருவரை எதிரே வைத்து வெல்வதே உண்மையான வெற்றி. அப்படித் தோற்றாலும் அதிலே வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது, வென்றபின்னும் ஒருவருக்கு நம் ஊருக்குள் வர முகமில்லாமற் செய்துவிட்டால் மட்டுமே.